தாணுலிங்கத்தின் பெயரில்

ஆழி நிலையம், மன்னார் வளைகுடா
2058 நவம்பர் 14, காலை 6.20
எழுதியவர்: டாக்டர் மு. தாணுலிங்கம், நிலைய இயக்குநர்

மேலே இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். அதை இயந்திரம் தானாகப் போட்டுக்கொள்கிறது. எழுதுவது நான், எஸ்தர் பாக்கியவதி, ஓய்வுபெற்ற கணினி ஆசிரியை.

உடன்குடிப் பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: “டீச்சர், நேத்துதான பேரு சொன்னோம். இன்னைக்கும் கேக்குதே, இந்தக் கம்ப்யூட்டருக்கு மறதியா?” வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி அது. நேற்று நீ எழுந்து போன பிறகு உன் நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்று அதற்குத் தெரியாதம்மா, அதனால் கேட்கிறது என்றேன். வாசலில் நிற்கும் காவலாளி யாரென்று கேட்பது உன்னை அவமானப்படுத்துவதற்கு இல்லை. கேட்காத காவலாளிக்குச் சம்பளம் எதற்கு?

அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. இந்த நிலையத்தில் யாருக்கும் புரியவில்லை. இங்கே இயந்திரத்தைப் போட்டால் யார் என்று கேட்பதில்லை. “நல்வரவு, டாக்டர் தாணுலிங்கம்” என்று சொல்லித் தானே திறந்துகொள்கிறது. ஐந்து பேரும் அவர் பெயரிலேயே வேலை பார்த்தோம். பள்ளிகளுக்குக் கடலடியிலிருந்து பாடம் நடத்த நான் வந்த முதல் நாளே எனக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று கேட்டேன். இயக்குநர் சிரித்துக்கொண்டே, “எதுக்கு டீச்சர் தனியா? என் பேர்லயே பாருங்க. இது நம்ம வீடு மாதிரி” என்றார். சொந்த வீட்டில் தனிப் பாத்திரம் கேட்டவளைப் போல் நான்தான் வெட்கப்பட்டு நின்றேன்.

இனி வழக்கமான பதிவு. ஆழம் நானூற்றுப் பத்து மீட்டர். உள்ளே காற்றழுத்தம் கரையில் இருப்பதுபோலவே. கரியமில வாயு அரை சதவீதத்துக்கும் கீழே. மின்சாரம் கரையிலிருந்து கேபிளில் வருகிறது. நள்ளிரவிலிருந்து இரண்டு முறை போய் வந்தது. மேலே புயல்.

எல்லோரையும் மேலே ஏற்ற, கப்பலிலிருந்து வடத்தில் இறக்கும் கூண்டு நேற்று மாலை இரண்டு நடை போனது. ஒரு நடைக்கு இரண்டு பேர்தான். முதல் நடையில் இயக்குநரும் மருத்துவரும் ஏறினார்கள். இரண்டாவதில் சமையல்காரரோடு ஏற வேண்டியவள் நான். ஆய்வாளர் ஜெபக்கனிக்கு வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை இருக்கிறது. நீ போ, நான் அடுத்த நடையில் வருகிறேன் என்று அவளை ஏற்றிவிட்டேன். அடுத்த நடை இல்லை. வடம் ஊஞ்சலாய் ஆடுவதாகச் சொல்லிக் கப்பல் துறைமுகத்துக்குப் போய்விட்டது. கடல் அடங்கியதும், இரண்டு மூன்று நாளில் வருவார்கள். சாப்பாடு ஒரு மாதத்துக்கு இருக்கிறது. கவலை இல்லை.


2058 நவம்பர் 14, பகல் 1.45
எழுதியவர்: டாக்டர் மு. தாணுலிங்கம், நிலைய இயக்குநர்

கவலை இருக்கிறது.

பாதி விளக்குகள் அணைந்துவிட்டன. காற்றைச் சுத்தம் செய்யும் விசிறி நின்றுவிட்டது. ஆய்வகம், சமையலறை, கிடங்கு எல்லாவற்றின் கதவுகளும் தாமாகவே சாத்திக்கொண்டன. எனக்கு மிஞ்சியது கட்டுப்பாட்டு அறையும் அதை ஒட்டிய படுக்கை அறையும். இரண்டும் சேர்ந்தால் ரயிலில் நான்கு பேர் படுக்கும் தடுப்பைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

திரையில் வந்தது இது: “நிலையத்தில் எவரும் இல்லை. ஆளில்லா நிலை தொடங்கியது.”

கேமராவுக்கு முன்னால் நின்று கையை ஆட்டினேன். அறுபத்து மூன்று வயதில் இது ஒரு கோலம்.

கேபிள் போனில் கரையைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அந்தோணி ரீகன். விசாரித்துச் சொன்னார். இயக்குநர் துறைமுக வாசலில் கைரேகை வைத்துக் கரைக்குள் போயிருக்கிறார். அந்தச் செய்தி இங்கே வந்திருக்கிறது. இயந்திரத்தின் கணக்கு எளிது. உள்ளே பெயர் பதிந்தவர்களில் இருந்து கரைக்குப் போனவர்களைக் கழிக்கும். உள்ளே பதிந்த பெயர் ஒன்றே ஒன்று, தாணுலிங்கம். அவர் கரைக்குப் போய்விட்டார். மீதி பூஜ்யம். ஆள் இல்லாத இடத்துக்குக் காற்று எதற்கு?

ஒரு ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளியூர் போனதும் அந்த வீட்டில் யாருமே இல்லை, அடுப்பை அணையுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

ரத்து என்ற பொத்தானைத் தொட்டேன். பதில்: “டாக்டர் தாணுலிங்கம் அவர்களே, ரத்து செய்யக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்க.”

யாரும் இல்லை என்கிறது. அதே மூச்சில் தாணுலிங்கம் அவர்களே என்கிறது. யோசிக்கத் தெரியாததன் மேல் எனக்குக் கோபம் வராது. யோசிக்கத் தெரிந்தவர்கள் மேல்தான் வருகிறது.


2058 நவம்பர் 14, மாலை 5.10
எழுதியவர்: டாக்டர் மு. தாணுலிங்கம், நிலைய இயக்குநர்

கரையோடு பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ரீகன்: “டீச்சர், பயப்படாதீங்க. சார் பக்கத்துலதான் இருக்காவ. இந்தா குடுக்கேன்.”

இயக்குநர்: “டீச்சர், பாஸ்வேர்ட் கேக்குதா? அது கேக்காதே. அதுவா திறக்குமே.”

நான்: “திறக்கிறதுக்குக் கேக்கல சார். காத்தை நிறுத்தாதேன்னு சொல்றதுக்குக் கேக்குது. சொல்லுங்க, அடிக்கிறேன்.”

இயக்குநர்: “நான் அதை டைப் பண்ணினதே இல்லையே.”

நான்: “மூணு வருஷமாவா?”

இயக்குநர்: “ஒரு தடவை கூட இல்ல.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. கார்க் கதவைத் தானே திறந்ததே இல்லை என்று சொல்பவரின் பெருமை.

பிறகு யூகம் ஆரம்பித்தது. அவர் மகள் பெயர் என்றார். தவறு. பிறந்த தேதி. தவறு. நிலையத்தின் பெயர். தவறு. போதும் சார், ஐந்து முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்று கீழே எழுதியிருக்கிறது என்றேன். என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. மனைவியின் முழுப் பெயரை ஒரு முறை, கடைசியில் “இது கண்டிப்பா சரியா இருக்கும், போடுங்க” என்று கார் எண்ணை ஒரு முறை. ஐந்தும் முடிந்தது. “அடுத்த முயற்சி: நாளை மாலை 6.00” என்று வந்தது.

அவரே கரையிலிருந்து உள்ளே நுழையப் பார்த்தார். ஒருவர் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்பது விதி. “இந்தப் பயனர் ஏற்கெனவே ஆழி நிலையத்தில் பணியில் இருக்கிறார்” என்று அவரையே வெளியே தள்ளிவிட்டது. புதுக் கடவுச்சொல் கேட்டார். அதற்கான எண் அவருடைய அலுவலகக் கைப்பேசிக்குப் போகுமாம். கைப்பேசி எங்கே சார் என்றேன். இங்கேதான், அவர் மேசை இழுப்பறையில். எடுத்துப் பார்த்தேன். நானூறு மீட்டர் தண்ணீருக்குக் கீழே எந்தக் கோபுரம் எட்டும்?

தலைமை அலுவலகத்துக்குப் புயல் விடுமுறை. வாட்ச்மேன்தான் போனை எடுத்தாராம். ரீகன் சொன்னது: “அவரு மோட்டார் ரூம்ல தண்ணி ஏறுதுன்னு எங்கிட்ட உதவி கேக்காரு டீச்சர். இங்க நானே பக்கெட்டோட நிக்கேன்.” அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மனுஷர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜன்னல் சாத்திய வகுப்பறையில் ஐம்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தினால் அரை மணியில் கடைசிப் பெஞ்சு கொட்டாவி விடும். பாடத்தின் குற்றமில்லை அது. அவர்கள் விட்ட மூச்சையே அவர்கள் இழுக்கிறார்கள். பிராணவாயு சிலிண்டர் ஒன்று கையால் திறக்கும்படி இங்கே இருக்கிறது. ஆகவே மூச்சுக்கு வழி உண்டு. விட்ட மூச்சை வெளியேற்றத்தான் வழி இல்லை. என்னைக் கொல்லப்போவது என்னுடைய மூச்சுதான்.


2058 நவம்பர் 15, காலை 7.05
எழுதியவர்: டாக்டர் மு. தாணுலிங்கம், நிலைய இயக்குநர்

கரியமில வாயு இரண்டரை சதவீதம். நெற்றிப்பொட்டு இடிக்கிறது. கெட்ட காற்றை உறிஞ்சும் சுண்ணாம்புத் தூள் ஒரு பை மட்டும் கட்டிலடியில் கிடைத்தது. மற்றவை கிடங்கில், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம். படுக்கை விரிப்பில் மெல்லிசாகப் பரப்பி வைத்திருக்கிறேன், வடகம் காயப் போட்ட மாதிரி.

இந்தத் தானியங்கி ஏற்பாட்டைச் செய்தவர் சேர்மராஜ் என்ற மின்னணுக்காரர். வேலையை விட்டு ஷார்ஜா போய்விட்டார். ரீகன் எப்படியோ எண் வாங்கி, அவரைப் போனில் இணைத்துவிட்டார்.

சேர்மராஜ்: “டீச்சர், திறப்பு விழா அன்னைக்குப் போட்டது அது. கரையில பந்தல் போட்டு, மேடையில இதே மெஷினத்தான் வச்சிருந்தோம். சீஃப் கெஸ்ட் பட்டனை அமுக்கினதும் ஸ்கிரீன்ல நல்வரவுன்னு வரணும்னு சார் சொன்னாவ. மாலையோட நிக்கிறவரு முன்னால பாஸ்வேர்ட் கேட்டு நின்னா மானம் போயிரும்னாவ. நானும் கேக்காம திறக்குற மாதிரி வச்சேன்.”

நான்: “சரி தம்பி. விழா முடிஞ்சதே. ஏன் மாத்தல?”

சேர்மராஜ்: “மறுநாளே மாத்திருவோம்னு சார்ட்ட சொன்னேன். அதுக்குள்ள எல்லாருக்கும் பழகிப்போச்சு. நல்லாத்தானே இருக்கு, ஏன் கைய வைக்கேன்னாவ.”

நான்: “பாஸ்வேர்ட் என்ன?”

இன்னொரு தடவை கேட்டேன். 

சேர்மராஜ்: “ஒண்ணுமே போடல டீச்சர். காலி. சும்மா என்டர் தட்டணும்.”

ஐந்து முறை. ஐந்து முறை ஒன்றுமில்லாததற்குப் பதில் இந்த விரல்களால் மகள், மனைவி, கார் என்று அடித்தேன். சும்மா தட்டியிருந்தால் நேற்றே விசிறி ஓடியிருக்கும். இன்று மாலை ஆறு மணி வரை இந்தப் பெட்டி எதையும் வாங்காது.

சேர்மராஜ் அழுதார். அழாதே, மாலைக்குள் எனக்கு ஏதும் ஆகாது என்றேன். தெரிந்து சொன்னதில்லை.


2058 நவம்பர் 15, பிற்பகல் 2.30
எழுதியவர்: டாக்டர் மு. தாணுலிங்கம், நிலைய இயக்குநர்

கரியமில வாயு மூன்றரை சதவீதம். வாந்தி வருகிறது. வரிகள் கோணினால் மன்னிக்கவும். மேலே பெயரை மாற்றி அடித்தேன். சேமித்ததும் மறுபடி அவர் பெயர்தான் வரும், நீங்கள் பார்ப்பதும் அதைத்தான். இருக்கட்டும்.

இயக்குநர் மறுபடி பேசினார். நலமா என்று கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“டீச்சர், நீங்க எழுதுறதெல்லாம் பதிவுல போகுதுல்ல? கொஞ்சம் பாத்து எழுதுங்க. விசாரணைன்னு வந்தா எல்லாம் என் பேர்ல இருக்கும். நானே என்னைத் திட்டி எழுதினாப்புல.”

முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளை மேலும் கை ஓங்கியதில்லை. இவர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஆமாம் சார், உங்கள் பெயரில்தான் இருக்கும். நான் அளந்த காற்று உங்கள் பெயரில். நான் நடத்திய பாடம் உங்கள் பெயரில். ஜெபக்கனி இரண்டு வருடம் கண் எரியப் பார்த்துச் சேர்த்த ஆய்வு உங்கள் பெயரில். அவள் அதைப் பற்றி ஒரு நாள் கூட என்னிடம் குறைப்பட்டதில்லை. சார் பெயரில் போனால் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள் டீச்சர் என்றுதான் சொன்னாள். வசதி. எல்லோருக்கும் வசதி. கேட்காமல் திறக்கிறது, யார் யார் என்று பார்க்க வேண்டியதில்லை, ஒரு நல்ல பெரிய பெயர் எல்லார் தலைக்கு மேலும் குடை மாதிரி. அந்தக் குடை நகர்ந்ததும் கீழே நின்றவர்கள் காணாமல் போய்விட்டார்கள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. தன் தட்டிலிருந்து மீனை எடுத்து எங்களுக்கு வைப்பார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. எங்களில் யார் உள்ளே இருக்கிறோம் என்று ஒரு வரி எழுதி வைக்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்றை அவருக்குச் சொன்னேன். “நீங்க திட்டினாப்புல இல்ல சார். நான்தான் திட்டுறேன். என் பேர் எஸ்தர்.”

படுக்கிறேன். ரீகனிடம் ஐந்தரைக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.


2058 நவம்பர் 15, மாலை 6.35
எழுதியவர்: டாக்டர் மு. தாணுலிங்கம், நிலைய இயக்குநர்

ரீகன் எழுப்பினார். எத்தனை தடவை கூப்பிட்டார் என்று தெரியவில்லை. அவர் தொண்டை கட்டியிருந்தது. “எந்திரிங்க டீச்சர், பெல்லு அடிச்சாச்சு, பிள்ளைங்க வந்தாச்சு” என்று கத்திக்கொண்டிருந்தார். எழுந்தேன்.

கரியமில வாயு நாலு சதவீதம் தாண்டிவிட்டது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது.

ஆறு மணிக்குப் பெட்டி திறந்தது. ஒன்றும் அடிக்காமல் என்டர். ஏற்றுக்கொண்டது. விசிறி ஓடியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல. கூரைத் தகரத்தில் மழை மாதிரி.

உடனே என் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கினேன். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எனக்கே சொல்லிச் சொல்லிச் செய்தேன். பெயர். கடவுச்சொல். இன்னொரு முறை கடவுச்சொல். முடி. திரையில் “உள்ளே இருப்பவர்: 1” என்று வந்தது. வந்தது.

மின்சாரம் போனது. கண் சிமிட்டும் நேரம்தான். வந்தது. இயந்திரம் புதிதாக எழுந்தது. எழுந்ததும் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். யார் என்று கேட்கவில்லை. “நல்வரவு, டாக்டர் தாணுலிங்கம்.” அவர் கரையில். மீதி பூஜ்யம். விசிறி நின்றது.

கத்தினேன். அறை முழுக்க என் சத்தம்தான். கத்தினால் காற்று வீண். பிறகுதான் நினைவு வந்தது.

மறுபடி என்டர். விசிறி ஓடுகிறது. இனி அடுத்த மின்வெட்டுக்குள் யோசிக்க வேண்டும்.


2058 நவம்பர் 15, மாலை 7.20
எழுதியவர்: எஸ்தர் பாக்கியவதி

மேலே இருப்பது என் பெயர்.

என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், வருகிறவர்களுக்குப் புரிய வேண்டும். தாணுலிங்கத்தின் பெயரைத் தானியங்கி ஏற்பாட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இனி இயந்திரம் எழுந்தால் யார் என்று கேட்கும். அதுதான் சரி. வாழ்க்கை முழுக்க அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் புயல் ஓயவில்லை. மின்சாரம் போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் அது கேட்கும்போது பதில் சொல்ல நான் விழித்திருக்க வேண்டும். பதில் வராதவரை பூஜ்யம், விசிறி ஓடாது. விசிறி ஓடியும் வாயு இன்னும் நாலுக்குக் கீழே இறங்கவில்லை, என்னால் விழித்திருக்க முடியாது. இந்த வரிக்கும் முந்தின வரிக்கும் நடுவில் தூங்கிவிட்டேன்.

அதனால் சேர்மராஜ் செய்ததையே செய்தேன். கேட்காமல் திறக்கும்படி. என் பெயரில். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆத்திரத்தோடு செய்தேன். சரியாக இருக்கிறதா என்று அணைத்துப் போட்டுப் பார்த்தேன். “நல்வரவு, எஸ்தர் பாக்கியவதி.” விசிறி ஓடியது.

ரீகன் சொன்னார்: “இங்க ஸ்கிரீன்ல உங்க பேரு பச்சையா எரியுது டீச்சர். இனி நிம்மதியாத் தூங்குங்க, நாங்க வந்திருவோம்.” பச்சையை நம்பாதீங்க ரீகன் என்றேன். பச்சை என்றால் இயந்திரம் எழுந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம், நான் எழுந்தேன் என்று இல்லை. மணிக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்க, பதில் வரலேன்னா கடல் அடங்குற வரைக்கும் காத்திருக்காதீங்கன்னு கப்பல்காரங்ககிட்ட சொல்லுங்க என்றேன். “சரி டீச்சர், நான் இப்பவே கேப்டன்ட்ட” என்றார். அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. இன்னும் வரவில்லை.

நான் சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. அங்கே பச்சை எரிந்துகொண்டுதான் இருக்கும். எல்லோரும் டீ குடிப்பார்கள். டீச்சர் பத்திரமாக இருக்கிறார் என்பார்கள்.

கூண்டில் இறங்கி வருபவரே, நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. கதவு திறந்ததும் விசிறி ஓடும். விளக்கு எரியும். திரையில் உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று இருக்கும். நாளைக்கு வந்தாலும் அப்படித்தான் இருக்கும், அடுத்த வருடம் வந்தாலும் அப்படித்தான். அதற்கு என்னைத் தெரியாது. என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும்படி நான்தான் வைத்திருக்கிறேன்.

படுக்கை அறை இடது பக்கம். கீழ்க் கட்டில். தரையில் வெள்ளைத் தூள், மிதித்தால் பரவாயில்லை

திரையைப் பார்க்க வேண்டாம். உள்ளே வந்து என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்.